கன்பராவில் தொங்கிய ரப்பர் பால்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். தங்கையைப் பார்க்க ஆஸ்திரேலியா போயிருந்தபோது, அம்மாவைக் கன்பரா தேசியக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே சிற்பி ஈவா ஹெஸ்ஸே 1969-ல் செய்த ‘கன்டின்ஜென்ட்’ இருந்தது. கூரையிலிருந்து எட்டுத் திரைகள் வரிசையாகத் தொங்குகின்றன. மெல்லிய துணியில் ரப்பர் பால் பூசியது நடுப்பகுதி. மேலும் கீழும் ஃபைபர் கிளாஸ். ஃபைபர் கிளாஸில் வெளிச்சம் தேன் மாதிரி நிற்கிறது. பால் பூசிய இடத்தில் மங்கிப் போகிறது.

அம்மா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். “ஏம்மா, இது நம்ம பால்தானே? ரொம்ப நாளாயிருக்கும். நெறம் பாரு, பழுத்துப் போச்சு.”

பெயர்ப்பலகையை நான் அதற்குப் பிறகுதான் படித்தேன்.

ஹெஸ்ஸே 1936-ல் ஹாம்பர்க்கில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி நியூயார்க்கில் வளர்ந்தவர். முதலில் ஓவியர். ஜெர்மனியில் ஒரு பழைய நெசவாலையில் தங்கி வேலை செய்தபோதுதான் சிற்பத்தின் பக்கம் திரும்பினார். 1970-ல் 34 வயதில் இறந்துவிட்டார். சிற்பியாக அவருக்குக் கிடைத்தது ஐந்தாறு வருடம்தான்! ரப்பர் பால் நிலைக்காது என்று அவருக்குத் தெரியும். வாங்குகிறவர்களுக்கு அதைக் கடிதமாக எழுதிச் சொல்லிவிடத் தோன்றுகிறது என்று கடைசிப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

*

அக்கா, உங்கள் அம்மா சொன்னது சரி. காற்றும் வெளிச்சமும் பட்டால் ரப்பர் பழுத்து, அப்புறம் நொறுங்கும். நான் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் சீட் போட்டவன். பாலில் ஃபார்மிக் ஆசிட் கலந்து தட்டில் ஊற்றினால் தயிர் மாதிரி உறையும். உருளையில் விட்டுப் பிழிந்து கொடியில் போடுவோம். புகை போடுவதற்கு முன்னால், ஈரம் காய்ந்த சீட்டுக்குப் பின்னால் காலை வெயில் வரும் பாருங்கள், உருளை பதித்த கோடெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே சீக்கிரம் போவேன்.

ஒரு நாள் பாலில் விழுந்த இலைக்கொத்து சீட்டுக்குள்ளேயே உறைந்துவிட்டது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் மூன்று இலையும் நிழலாகத் தெரிந்தன. கிராணி (தோட்டத்துக் கணக்கர்) அதைக் கழித்துப் போடச் சொன்னார். கேட்டு வாங்கி வந்து லயத்து வீட்டு ஜன்னலில் மாட்டினேன். கறுத்து உதிரும்வரை அங்கேதான் இருந்தது.