வாழ்க்கைத் தரமா, வாழ்நலமா? முதியோர் இல்ல வினாத்தாளுக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களே,

குவாலிட்டி ஆஃப் லைஃப் (quality of life) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் இதுவரை வாழ்க்கைத் தரம், வாழ்வுத்தரம், வாழ்வின் தரம் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் 'தரம்' இருக்கிறது. எனக்குச் சிக்கலே அந்தத் 'தர'த்தில்தான்.

போன மாதம் சமூகப்பணி படிக்கும் ஒரு மாணவிக்காக வினாத்தாள் ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். முதியோர் இல்லத்தில் இருப்பவர்களிடம் கேட்பதற்காக. கூடவே நானும் போனேன். முதல் கேள்வி, "உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது?" எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "தரத்துக்கு என்னம்மா குறை, பென்ஷன் வருது, ஃபேன் இருக்கு, பாத்ரூம் உள்ளேயே இருக்கு" என்றார். அவ்வளவுதான். தாளை மூடி வைத்துவிட்டு, "பொழுது எப்படிப் போகுது பாட்டி?" என்று மாணவி கேட்டாள். உடனே, விடிவதற்கு முன்பே எழுப்பிக் குளிக்க வைத்துவிடுகிறார்கள், மூட்டுவலிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, வெயில் ஏறியபின் குளித்தே பழகிய உடம்பு, என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்பதில்லை என்று அரைமணி நேரம் பேசினார். நாங்கள் தேடிப்போனது இந்த இரண்டாவது பதிலை. தாளில் ஏறியிருக்கக்கூடியது முதல் பதில். பிழை பாட்டியுடையதில்லை, நான் போட்ட சொல்லுடையது.

பொருளியலில் வாழ்க்கைத் தரம் என்றால் ஸ்டாண்டர்ட் ஆஃப் லிவிங். வருமானம், வீடு, நுகர்வு என்று பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம், அந்தப் பொருள் ஊறிப்போயிருக்கிறது. அதோடு தரம் என்பது ஒரு பொருளுக்கு வெளியே நிற்பவர் போடுவது. நெல்லைத் தரம் பிரிக்கிறோம், பஞ்சைத் தரம் பிரிக்கிறோம், நெல்லை யாரும் கேட்பதில்லை. இலங்கை நண்பர்களுக்கோ தரம் என்றாலே பள்ளி வகுப்பு, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை.

ஆனால் இந்தக் கருத்தின் உயிரே உள்ளிருந்து பார்ப்பதுதான். உலக சுகாதார நிறுவனம் 1990களில் இதை வரையறுத்தபோது, ஒருவர் தாம் வாழும் பண்பாட்டுக்குள் நின்று, தம் குறிக்கோள்களையும் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்து, தம் வாழ்க்கையைத் தாமே எப்படி உணர்கிறார் என்றுதான் சொன்னது. அந்த வரையறையை வைத்து அளக்கும் கருவி, அதாவது வினாத்தாள், உருவான 15 மையங்களில் சென்னையும் ஒன்று என்பதை இங்கே பலர் மறந்துவிடுகிறோம். முதலில் 100 கேள்விகள், பிறகு சுருக்கி 26. உடல், உளம், உறவு, சூழல் என்று நான்கு களங்கள். முதியோருக்கென்று தனியாக 24 கேள்விகள் கொண்ட இணைப்பு ஒன்றும் உண்டு, அதில் சாவைப் பற்றிய அச்சம், நெருக்கம், தன் முடிவைத் தானே எடுப்பது எல்லாம் வருகின்றன. இதில் எதைத் 'தரம்' என்று சொல்வது?

என் பரிந்துரை வாழ்நலம்.

நலம் அந்தத் தலைமுறையின் சொல். இன்லண்ட் லெட்டரில் "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதித்தானே அவர்கள் ஆரம்பித்தார்கள்! நலமா என்று கேட்டால் பதில் கேட்கப்பட்டவரிடமிருந்து வரவேண்டும், வேறு யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று, வாழ்நலம் வினைத்தொகை: வாழ்ந்த நலம், வாழ்கின்ற நலம், வாழும் நலம். மேலே சொன்ன முதியோர் இணைப்பில் கடந்த, நிகழ், எதிர்காலச் செயல்கள் என்றே ஒரு கூறு இருக்கிறது. தனியாக விளக்கவேண்டியதைத் தமிழ் இலக்கணம் ஒரு சொல்லுக்குள் வைத்திருக்கிறது, அதை ஏன் விடவேண்டும்?

நல்வாழ்வு போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். போதாது. அது ஏற்கெனவே அரசுத் துறையின் பெயரில் இருக்கிறது, வெல்பீயிங் என்பதற்கும் பலர் அதையே எழுதுகிறோம். அளவுகோலுக்கான சொல் கீழேயும் இறங்க வேண்டும். உடல்நிலையை ஐந்து கூறுகளாகக் கேட்கும் ஈக்யூ-5டி (EQ-5D) போன்ற கருவிகளில் மதிப்பு சுழிக்கு (பூஜ்யத்துக்கு) கீழேகூடப் போகும், அதாவது இப்படி இருப்பதைவிடச் சாவதே மேல் என்று கருதப்படும் நிலை. "நல்வாழ்வு சுழிக்குக் கீழே" என்று எழுதக் கை வராது. "வாழ்நலம் குன்றியது" இயல்பாக வருகிறது.

நலம் என்றால் உடல்நலம் மட்டுமே என்று ஆகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் 'வாழ்' முன்னால் நிற்கிறது. அடைமொழி சேர்த்தால் இன்னும் தெளியும்: ஈக்யூ-5டி அளப்பது உடல்நலம்சார் வாழ்நலம், இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஆஸ்காட் (ASCOT) என்ற கருவி அளப்பது பராமரிப்புசார் வாழ்நலம். ஆஸ்காட்டின் எட்டுக் களங்களில் உணவு, தூய்மை, பாதுகாப்பு எல்லாம் உண்டு, ஆனால் அன்றாட வாழ்வு தன் கையில் இருக்கிறதா என்பதும் ஒரு களம். பாட்டியின் குளியல் நேரம் அங்கேதான் விழும்.

பாட்டியிடம் வாழ்நலம் என்று கேட்டால் மட்டும் புரியுமா என்பீர்கள். கேள்வியில் அந்தச் சொல் வரவே வேண்டாம், "உங்கள் வாழ்க்கை உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்றே கேட்கலாம். ஆனால் கேள்வியை எழுதுகிறவர் மனதில் தரம் இருந்தால் ஃபேனைத்தான் கேட்பார்.

அடுத்து ப்ராக்ஸி. டிமென்ஷியா (மறதிநோய்) முற்றியவருக்காக மகளோ செவிலியரோ பதில் சொல்லும்போது அவரை என்ன சொல்வது? பதிலாள், மாற்றாள் இரண்டையும்விடப் பதிலி எனக்குப் பிடிக்கிறது. டிமென்ஷியா உள்ளவர்களுக்கான டெம்குவால் (DEMQOL) கருவியில் அவருக்கே 28 கேள்விகள், பதிலிக்கு 31. பெரும்பாலும் பதிலி போடும் மதிப்பெண் அவரே போடுவதைவிடக் குறைவாக இருக்கும், ஆகவே இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டக்கூடாது. 'பதிலி மதிப்பீடு' என்று தனித்தலைப்பு வேண்டும்.

இல்லவாசி என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து கைவிடுவோம், சிறைவாசி காதில் விழுகிறது. இல்லத்து முதியோர் என்றாலே போதும்.

மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள். ஞாயிறு காலை மாணவி திருத்திய தாளோடு மறுபடி அங்கே போகிறாள், பாட்டி குளித்து முடித்த பிறகு.