வால்பாறை, முதுமலைப் பயணம்: டி7500-க்கு எந்த லென்ஸ்?

வைகைக்கரை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ஜனவரி இறுதியில் குடும்பத்துடன் வால்பாறைக்கும், அங்கிருந்து இறங்கி முதுமலைக்கும் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். என்னிடம் நிக்கான் டி7500 கேமராவும், 18-140 மி.மீ. லென்ஸும், பின்னர் வாங்கிய ஏஎஃப்-பி 70-300 மி.மீ. எஃப்/4.5-5.6 லென்ஸும் இருக்கின்றன. ஊரைச் சுற்றியுள்ள கண்மாய்களில் நாரைகளையும் மீன்கொத்திகளையும் எடுத்துப் பழகியிருக்கிறேனே தவிர, காட்டுக்குள் எடுத்த அனுபவம் இல்லை. வால்பாறையில் சிங்கவால் குரங்கு, வரையாடு, பெரிய இருவாச்சி ஆகிய மூன்றையும், முதுமலையில் யானை, காட்டுமாடு போன்றவற்றையும் எடுக்க விரும்புகிறேன்.

ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் வரை செலவழிக்க முடியும். பழைய நிக்கான் 200-500 எஃப்/5.6, சிக்மா 150-600 கன்டெம்பரரி, பழைய 300 எஃப்/4 பிஎஃப் லென்ஸுடன் 1.4 டெலிகன்வெர்ட்டர் (லென்ஸின் நீளத்தை 1.4 மடங்காக்கும் இணைப்பு) ஆகியவற்றை மனத்தில் வைத்திருக்கிறேன். கடைக்காரர் ஒருவரோ, இருப்பதையெல்லாம் விற்றுவிட்டு நிக்கானின் இசட்50-II மிரர்லெஸ் கேமராவுக்கும் 180-600 லென்ஸுக்கும் மாறிவிடுங்கள் என்கிறார். கடன் வாங்காமல் அது முடியாது. அம்மாவும் அப்பாவும் உடன் வருவதால் ஓரிடத்தில் முக்காலியை ஊன்றி நெடுநேரம் காத்திருக்கவும் இயலாது. இந்தக் காடுகளை அறிந்தவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

சோலையாறு எழுதியது:

வணக்கம். லென்ஸின் பெயரை முடிவு செய்வதற்கு முன், நீங்கள் குறிப்பிட்ட ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு தொலைவில் நிற்கும், அந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்ற இரண்டையும் கணக்கிட்டுப் பாருங்கள். கண்மாயில் எடுத்துப் பழகியவர்களுக்கு நீளம் போதவில்லை என்பதே எப்போதும் குறையாகத் தெரியும். அங்கே பறவை தொலைவில் இருக்கும், வெளிச்சமோ தாராளமாக இருக்கும். வால்பாறையின் சோலைக்காட்டில் நிலைமை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

உங்கள் கேமராவின் உணரி (படத்தைப் பதிவு செய்யும் சென்சார்) 23.5 மி.மீ. அகலம் கொண்டது. அதை லென்ஸின் குவியத்தூரத்தால் (லென்ஸின் பெயரில் உள்ள மி.மீ. எண்) வகுத்து, விலங்கு நிற்கும் தொலைவால் பெருக்கினால், படத்துக்குள் அடங்கும் அகலம் கிடைத்துவிடும். பத்து மீட்டர் தொலைவில் 500 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலம் 47 செ.மீ. மட்டுமே; 300 மி.மீ. என்றால் 78 செ.மீ. சிங்கவால் குரங்கின் தலையும் உடலும் சேர்ந்தே ஏறக்குறைய அரை மீட்டர் வரும் என்பதால், 500-இல் உடல் முழுவதும் அடங்குவதே கடினம், வாலுக்கு இடமே இருக்காது. புதுத்தோட்டம் பகுதியில் இக்குரங்குகள் சாலையோர மரங்களிலும், அவை கடப்பதற்காகச் சாலைக்கு மேலே கட்டப்பட்டுள்ள பாலங்களிலும், சில வேளைகளில் வீட்டுக் கூரைகளிலும்கூடத் தென்படும். அங்கே பத்து மீட்டர் என்பது சாதாரணத் தொலைவு. நீங்கள் அசையாமல் நின்றால் அவையே ஐந்து மீட்டருக்குள் வந்துவிடுவதும் உண்டு.

வரையாடும் அப்படித்தான். ஆழியாற்றிலிருந்து ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையைச் சுற்றியுள்ள பாறைச் சரிவுகளில் அவை மேயும். வண்டிகளைப் பார்த்துப் பழகியவை என்பதால் தடுப்புச் சுவருக்கு அருகிலேயே நிற்கக் காணலாம். அங்கே 70-300 தாராளமாகப் போதும். மலைச்சரிவும் கீழே ஆழியாறு அணையும் பின்னணியில் வரும்படி 18-140 லென்ஸால் எடுத்தால், ஆட்டின் முகத்தை மட்டும் நிரப்பிய படத்தைவிட அது எனக்குப் பிடிக்கும். இது என் சொந்த ரசனை.

சிக்கல் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. அடர்ந்த மரக்கூரையின் கீழே காலை எட்டு மணிக்குக்கூட, எஃப்/5.6 துளையில் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது, வெளிச்சமும் அதிகம்), 1/250 நொடி ஷட்டர் வேகத்தில், ஐஎஸ்ஓ (உணரியின் ஒளியுணர்திறன்) 3200 அல்லது அதற்கு மேல் போக வேண்டியிருக்கும். உங்கள் 70-300 லென்ஸ் 300 மி.மீ.-இல் எஃப்/5.6 தருகிறது, நீங்கள் வாங்க நினைக்கும் 200-500 லென்ஸும் அதே எஃப்/5.6 தான். ஆகவே குரங்குக்காக 2.3 கிலோ எடையுள்ள அந்த லென்ஸை வாங்கினால், வெளிச்சத்தில் துளியும் ஆதாயம் இல்லை. சிக்மா 150-600 நீட்டிய நிலையில் எஃப்/6.3 ஆகிவிடுவதால், மேலும் மூன்றில் ஒரு ஸ்டாப் இழப்பீர்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). 300 எஃப்/4 பிஎஃப் ஒன்றுதான் ஒரு முழு ஸ்டாப் கூடுதலாகத் தரும். ஐஎஸ்ஓ 3200 என்பது 1600 ஆகக் குறையும். எடையும் 755 கிராம்தான் என்பதால் கழுத்தில் தொங்கவிட்டபடியே பெற்றோருடன் நடக்கலாம். கன்வெர்ட்டரைப் பொருத்தினால் 420 மி.மீ. எஃப்/5.6 ஆகிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. பலர் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 1.4 மீட்டர் அகலத்தைக் காட்டும். குரங்கும் அது அமர்ந்திருக்கும் கிளையும் இலைகளும் சேர்ந்து வரும். எஃப்/5.6-ஐவிட மூன்று ஸ்டாப்புக்கும் அதிகமான வெளிச்சம் உள்ளே வருவதால், மற்றவர்கள் கேமராவைப் பைக்குள் வைத்துவிடும் நேரத்திலும் உங்களால் எடுக்க முடியும். ஆனால் நெருக்கம் அவை தருவதாக இருக்க வேண்டும். நாம் பின்தொடர்ந்து போய்ப் பெறுவதாகவோ, தின்பண்டம் காட்டி வரவழைப்பதாகவோ இருக்கக் கூடாது. சாலையோரத்தில் உணவு கிடைக்கும் என்று பழகிய குரங்குகள்தான் வண்டிகளில் அடிபடுகின்றன.

கடைக்காரர் சொன்ன மாற்றத்தை இந்தப் பயணத்துக்காகச் செய்ய வேண்டாம். புதிய கேமராவின் பொத்தான்களைக் காட்டுக்குள் போய்ப் பழகுவது வீண் தொல்லை.

இறகு எழுதியது:

சோலையாறு சொன்ன கணக்கு குரங்குக்கும் வரையாட்டுக்கும் சரி. இருவாச்சியை அவர் பேசாமலே விட்டுவிட்டார். கேள்வியின் கடினமான பகுதி அதுதான்.

வால்பாறையில் பெரிய இருவாச்சியைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளின் ஓரத்தில், பழுத்த அத்தி மரங்களிலோ, ஒரு சோலையிலிருந்து மறு சோலைக்குப் பள்ளத்தாக்கின் மேலே பறந்து கடக்கும்போதோதான் பார்ப்பீர்கள். பறக்கும்போது அது அறுபது மீட்டர் தள்ளி இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். 300 மி.மீ. லென்ஸ் அந்தத் தொலைவில் காட்டும் அகலம் 4.7 மீட்டர். இறக்கை விரிப்பு ஒன்றரை மீட்டர் என்று கொண்டால், 5,568 பிக்சல் அகலமுள்ள உங்கள் படத்தில் பறவைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,800 பிக்சல். 500 மி.மீ. என்றால் அதுவே 3,000 பிக்சல் அளவுக்கு உயரும். திறந்த வெளி என்பதால் அங்கே வெளிச்சத்துக்கும் பஞ்சமில்லை, எஃப்/5.6 தாராளம். இறக்கை உறைந்து நிற்க 1/1600 அளவுக்காவது ஷட்டர் வேகம் வைக்க வேண்டும். லென்ஸில் உள்ள அதிர்வுக் குறைப்பு கை நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும், பறவையின் அசைவை அது நிறுத்தாது.

ஆகவே என் பரிந்துரை 200-500 தான். சிக்மா கூடுதலாகத் தரும் 100 மி.மீ. நீளத்தைவிட, ஜூம் எங்கே இருந்தாலும் மாறாத எஃப்/5.6 எனக்குப் பெரிது. பிஎஃப் லென்ஸில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படச்சட்டத்துக்குள்ளோ அதன் விளிம்பிலோ வலுவான ஒளி இருந்தால், அந்த லென்ஸின் கண்ணாடி அமைப்பு காரணமாக வளையம் வளையமாக ஒளிச்சிதறல் தோன்றக்கூடும். சூரியனுக்கு எதிரே மரத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் பறவைகளை எடுப்பவர்களுக்கு இது தொல்லை. நாளை நீங்கள் இசட் வரிசைக்கு மாறினாலும் 200-500 லென்ஸை எஃப்டிஇசட் அடாப்டர் வழியாகப் பயன்படுத்தலாம் என்பதால் பணம் வீணாகாது.

ஜனவரியில் போவதால் ஒரு வேண்டுகோள். இருவாச்சிகளின் கூடு கட்டும் பருவம் அப்போது தொடங்கியிருக்கும். பெண் பறவை மரப்பொந்துக்குள் அடைபட்டிருக்க, ஆண் பறவைதான் உணவு கொண்டுவந்து கொடுக்கும். யாராவது கூட்டு மரத்தைக் காட்டுகிறேன் என்று அழைத்தால் போகாதீர்கள். மரத்தடியில் ஆள் நின்றால் ஆண் பறவை இறங்கத் தயங்கும். உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். அலைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பவர்களுடனும் சேராதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தொலைவை வைத்துக் கணக்கிடலாம் என்பதே எனக்குப் புதிது. உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் போட்டுப் பார்த்தேன். இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. 200-500 லென்ஸை வாங்காமல் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, 85 மி.மீ. லென்ஸை மட்டும் வாங்கினால் சரியாக வருமா? 200-500 உடன் 1.4 கன்வெர்ட்டரைச் சேர்த்தால் 700 மி.மீ. கிடைக்குமே, அதனால் பயன் உண்டா? முதுமலையில் வனத்துறை வேனில்தான் சவாரி போகிறோம். அங்கே எதை எடுத்துச் செல்வது?

மசினகுடிப் பாதை எழுதியது:

வாடகைக்கு எடுப்பது நல்ல முடிவு. சென்னையிலும் கோவையிலும் பெங்களூருவிலும் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. எடுக்கும்போதே உங்கள் கேமராவில் பொருத்தி, எழுத்துகள் உள்ள பலகை ஒன்றை 500 மி.மீ.-இல் குவியம் வைத்து எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் உடலுக்கும் லென்ஸுக்கும் இடையே குவியம் சற்று முன்னோ பின்னோ விழுவது உண்டு. டி7500-இல் உள்ள ஏஎஃப் ஃபைன் ட்யூன் வழியாக அதைத் திருத்திக்கொள்ளலாம். கீறல், பூஞ்சை, ஜூம் வளையத்தின் தளர்வு ஆகியவற்றைக் கடைக்காரர் முன்னிலையிலேயே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும்போது வரும் வாக்குவாதங்களை அது தவிர்க்கும்.

கன்வெர்ட்டர் வேண்டாம். 200-500 எஃப்/8 ஆகிவிடும். எஃப்/8-இல் டி7500 கேமராவில் நடுவில் உள்ள குவியப் புள்ளி ஒன்று மட்டுமே தானியங்கிக் குவியத்துக்கு ஒத்துழைக்கும். பறக்கும் இருவாச்சியை அந்த ஒற்றைப் புள்ளியில் வைத்துத் தொடர்வது எளிதன்று.

முதுமலையின் தெப்பக்காடு, மசினகுடிப் பகுதிக் காடு வால்பாறையைப் போன்ற மழைக்காடு அன்று, இலையுதிர்க்கும் வகை. ஜனவரி இறுதியில் புல் காய்ந்து, இலைகள் உதிரத் தொடங்கியிருக்கும். வெளிச்சம் நன்றாகவே உள்ளே விழும். வேனில் மற்ற பயணிகளுடன் பகிர்ந்து அமர வேண்டும். சன்னலோர இருக்கை கிடைத்தாலும் உங்கள் பங்குக்கு ஒரு சன்னலின் அகலம்தான். முக்காலி அங்கே பயனற்றது. துணிப்பை ஒன்றைக் காலியாக எடுத்துச் சென்று, தங்கும் ஊரில் அரிசி வாங்கி நிரப்பிச் சன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள். ஓட்டுநர் இன்ஜினை அணைக்காவிட்டால் அந்தப் பையையும் நம்பாதீர்கள், கையில் பிடித்து எடுப்பதே மேல். இன்ஜினின் நடுக்கம் பை வழியாக அப்படியே லென்ஸுக்கு வந்துவிடும்.

வேனில் கையில் இருக்க வேண்டியது உங்கள் பழைய 70-300 தான். பாதையோரத்தில் இருபது மீட்டர் தள்ளி யானை நின்றால், 200 மி.மீ. காட்டும் அகலம் 2.35 மீட்டர், முழு யானை அதில் அடங்காது. 70 மி.மீ. என்றால் 6.7 மீட்டர் கிடைக்கும். கன்றோடு நிற்கும் தாயும் சுற்றியுள்ள மரங்களும் சேர்ந்து வரும். 200-500 பைக்குள்ளேயே இருக்கட்டும். வேனுக்குள் ஒரு லென்ஸைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதும் வேண்டாம், செம்மண் புழுதி நேராக உணரியில்தான் போய் ஒட்டும். அருகிலுள்ள கர்நாடகப் பூங்காக்களுக்கும் போகும் எண்ணம் இருந்தால், அங்கே லென்ஸின் நீளத்தைப் பொறுத்துத் தனிக் கட்டணம் வசூலிக்கும் வழக்கம் உண்டு என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டியில் முதுமலைச் சாலையைக் கடக்கும்போது எந்த விலங்கு நின்றாலும் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கவும் கூடாது. அபராதம் உண்டு, அதைவிட, கன்றோடு இருக்கும் யானைக்கு நம் ஆர்வம் புரியாது.

ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்சாதனம் ஓடும் காரிலிருந்து ஈரக் காற்றுக்குள் கேமராவை எடுத்தால் முன்கண்ணாடி உடனே மூடுபனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். வால்பாறைக்குள் நுழைவதற்கு முன்பே குளிர்சாதனத்தை நிறுத்திவிடுங்கள். இரவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் பையை மூடி வையுங்கள்.

சோலையாறு எழுதியது:

இருவாச்சி பற்றி இறகு சொன்னதை ஏற்கிறேன். வாடகைக்கு 200-500, சொந்தமாக 85 என்ற உங்கள் ஏற்பாடு இரண்டு பக்கத்தையும் சமாளித்துவிடும்.

சிங்கவால் குரங்கை எடுக்கும்போது ஒளி அளவீட்டை மட்டும் கேமராவிடம் முழுமையாக விட்டுவிடாதீர்கள். கரிய உடல் படச்சட்டத்தை நிரப்பினால், கேமரா அதைச் சாம்பல் நிறமாக்க முயன்று படத்தை வெளுப்பாக்கும். முகத்தைச் சுற்றியுள்ள வெள்ளிப் பிடரியில் மயிர் இழைகளே தெரியாமல் போகும். அப்போது ஒளி ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) -0.7 அளவில் வையுங்கள். அதே குரங்கு வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு உச்சிக் கிளையில் அமர்ந்தால் கதை தலைகீழ். +1 அல்லது அதற்கும் மேலே போக வேண்டும். ரா கோப்பாக (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுத்தால் பிடரியின் விவரங்களை மீட்க ஓரளவு இடம் இருக்கும். ஐஎஸ்ஓ 6400-இல் வரும் புள்ளிகளையும் லைட்ரூம் மென்பொருளில் உள்ள டீநாய்ஸ் போன்ற கருவிகள் பெருமளவு நீக்கிவிடுகின்றன. ஷட்டர் வேகம் போதாமல் கலங்கிய படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆகவே இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தால், ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றுங்கள்.