எல்லாமே சூரைதானா? டியூனா வகைகளைப் பிரித்தறிவது எப்படி?

முத்துநகர் தூண்டில்:
தூத்துக்குடியிலிருந்து ஃபைபர் படகில் போய் ட்ரோலிங்கும் (ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப் பிடிப்பது) ஜிக்கிங்கும் (கனமான உலோக இரையை ஆழத்தில் இறக்கி, சுண்டிச் சுண்டி இழுத்துப் பிடிப்பது) செய்கிறோம். டியூனா வகையில் எது மாட்டினாலும் படகுக்கார அண்ணன் “சூரைதான் தம்பி, பெட்டியில் போடு” என்று முடித்துவிடுகிறார். போன வாரம் ஒரே கூட்டத்திலிருந்து இரண்டு விதமாக வந்தன, இரண்டுக்கும் முதுகின் பின்பாதியில் கோணல்மாணலாகக் கோடுகள், ஆனால் ஒன்று நல்ல பருமன், இன்னொன்று ஒல்லியாக உருண்டையாக இருந்தது. இணையப் படங்களில் எல்லாம் ஆளுயர மீன்கள். நம் கைக்கு வரும் சின்ன மீனை எதை வைத்துப் பிரிப்பது?

கடல்காகம்:
முதலில் கோடு முதுகிலா வயிற்றிலா என்று பாருங்கள் தம்பி. வயிற்றில் நீளவாக்கில் நாலைந்து கருங்கோடு ஓடி, முதுகு கோடில்லாமல் கருநீலமாக இருந்தால் அது ஸ்கிப்ஜாக், லட்சத்தீவின் மினிக்காயில் மாசிக்கருவாடு போடுகிறார்களே அதே மீன். உங்களுடையது இரண்டும் முதுகுக் கோடு என்பதால் கவகவா அல்லது ஃபிரிகேட் என்ற டியூனா வகையாக இருக்கும். அந்தக் கோடுகளை வைத்து மல்லுக்கட்டாதீர்கள், முதுகுத் துடுப்புகளைப் பாருங்கள். கவகவாவுக்கு முதல் துடுப்பு முடிகிற இடத்திலேயே இரண்டாவது கிட்டத்தட்டத் தொடங்கிவிடும், ஃபிரிகேட்டுக்கு நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். அப்புறம் கவகவாவின் பக்கத் துடுப்புக்குக் கீழே, மை சிந்தியது மாதிரி சில கரும்புள்ளிகள் இருக்கும். சில மீனில் அது மங்கலாக இருக்கும், அதனால் புள்ளி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஃபிரிகேட் 60 செ.மீ. தாண்டுவதே அபூர்வம், கவகவா ஒரு மீட்டர் வரைகூட வளரும்.

ஆழ்கடல்_ராசா:
மேலே சொன்னது சரி. குழப்பமே சின்ன யெல்லோஃபின்னும் சின்ன பிக்ஐயும் கலந்து வரும்போதுதான். மஞ்சளாக இருந்தால் யெல்லோஃபின் என்று பலர் அடித்துச் சொல்வார்கள், வால் பக்கம் வரிசையாக இருக்கும் குட்டித் துடுப்புகள் பிக்ஐக்கும் மஞ்சள்தான். அரிவாள் மாதிரி நீண்ட துடுப்புகள் பெரிய யெல்லோஃபின்னுக்குத்தான், குட்டியில் தேடிப் பயனில்லை. மீன் உயிரோடு இருக்கும்போதே பக்கவாட்டைப் பாருங்கள், யெல்லோஃபின்னில் ஒரு வரி முழுக்கோடு, அடுத்தது புள்ளிக்கோடு என்று மாறி மாறி நெருக்கமாக வரும், பிக்ஐயில் கோடுகள் குறைவு, தள்ளித் தள்ளி இருக்கும். ஐஸில் போட்டுக் கரைக்கு வருவதற்குள் இதெல்லாம் மங்கிவிடும். அப்போது வயிற்றைக் கீறி ஈரலைப் பார்ப்பதுதான் வழி: பிக்ஐ ஈரலின் அடிப்பக்கம் நரம்பு நரம்பாக வரியோடியிருக்கும், யெல்லோஃபின்னுக்கு வழவழப்பாக, வலது மடல் மட்டும் நீளமாக இருக்கும்.

அந்தமான்_ஜிக்கர்:
அந்தமான் பக்கம் ஆழத்தில் ஜிக் போட்டால் டாக்டூத் டியூனா வரும். வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும், கூம்பு கூம்பாகப் பெரிய பற்கள், உடம்பில் கோடோ புள்ளியோ கிடையாது, இரண்டாவது முதுகுத் துடுப்பின் நுனி வெள்ளை. கொக்கி எடுக்கும்போது விரல் பத்திரம்.
தலைப்புக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எந்தச் சூரையாக இருந்தாலும் பிடித்தவுடன் இரத்தம் வடித்து ஐஸுக்குள் புதைத்துவிடுங்கள். வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, உடம்புக்கு ஒவ்வாத பொருள் சேரும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது.

முத்துநகர் தூண்டில்:
நன்றி அண்ணன்களே. போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பருமனான மீனில் புள்ளிகள் தெளிவாக இருக்கின்றன, கவகவாதான். ஒல்லியானதில் புள்ளி இல்லை. ஆனால் படத்தில் இரண்டுக்குமே முதுகில் பெரிய இடைவெளி இருப்பதாகத் தெரிகிறதே?

கடல்காகம்:
முதல் துடுப்பு மடங்கி முதுகுப் பள்ளத்துக்குள் போய்விட்டிருக்கும், சூரை இனத்துக்கே அந்தப் பள்ளம் உண்டு. அடுத்த முறை விரலால் துடுப்பைத் தூக்கி நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள், வயிற்றுப் பக்கமும் ஒன்று.