வாஞ்சூர் தாண்டினால் பிரான்ஸ்

நாகூர்க்காரன்:
2022 கால்பந்து உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய இறுதி ஆட்டத்தன்று அர்ஜென்டினா சட்டையை மாட்டிக்கொண்டு, காரைக்கால் எல்லையில் இருக்கும் வாஞ்சூர் செக்போஸ்ட் தாண்டி, காரைக்காலில் நண்பன் வீட்டுக்குப் போனேன். (வாஞ்சூர் வழியாகச் சரக்கு வாங்க மட்டுமல்ல, ஆட்டம் பார்க்கவும் ஆள் போவதுண்டு, நம்புங்கள்.)

கூடத்தில் நண்பனின் தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி எந்த ஊரு?"

"நாகூர் தாத்தா."

"அப்ப சரி. இந்தியாக்காரன்."

வீடே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பிரெஞ்சு தேசிய கீதம் ஒலித்ததும் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் 1954 நவம்பர் 1-இல் இந்தியாவிடம் வந்தபோது அவருக்குப் பத்து வயதாம். 1962-இல் அதற்கான இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் அமலானதும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அவருடைய அப்பா எழுதிக் கொடுத்தார், சித்தப்பா கொடுக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே கிணறு.

பிரான்சின் எம்பாப்பே 97 விநாடிக்குள் இரண்டு கோல் போட்டபோது தாத்தா என் தொடையில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது. பெனால்டியில் தோற்றதும் டிவியை அணைக்கச் சொல்லிவிட்டார். நான் நைசாகக் கிளம்பப் பார்த்தேன். சாப்பிடாமல் விடவில்லை.

தரங்கம்பாடி:
எங்கள் கப்பலில் செகண்ட் இன்ஜினியர் அர்ஜென்டினாக்காரர், சொந்த ஊர் மெண்டோசா. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் 'ஃபாக்லாந்து' என்று சொல்லித் தொலைத்தேன். கரண்டியைக் கீழே வைத்து, "மால்வினாஸ்" என்றார். அந்தத் தீவுகளுக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. அப்புறம் தட்டு காலியாகும் வரை பேச்சே இல்லை.

அவர் ஊர் மைதானம் 1978 உலகக் கோப்பைக்காகக் கட்டியது. அந்தத் தீவுகளுக்காக பிரிட்டனோடு நடந்த 1982 போருக்குப் பிறகு அதன் பெயரே 'மால்வினாஸ் அர்ஜென்டினாஸ்'. தீவுகள் பிரிட்டனிடம், பெயர் மட்டும் மெண்டோசாவில்! 1986-இல் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா போட்ட இரண்டு கோல்களில், ஆளாளாய்த் தாண்டிப் போய்ப் போட்டதைத்தான் உலகமே கொண்டாடுகிறது. இவருக்குப் பிடித்தது கையால் தட்டியது. "திருடியவனிடமே திருடியது, ருசியே தனி" என்று கண்ணடித்தார்.

நாகூர்க்காரன்:
அண்ணே, உங்கள் ஊரை ஆண்ட டென்மார்க் ஆடினால் உங்கள் தெருவில் யாராவது எழுந்து நிற்பார்களா?

தரங்கம்பாடி:
1845-இலேயே எங்களைப் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனிடம் விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள் தம்பி. விற்றவனுக்கு யார் எழுந்து நிற்பது? நீங்கள் முதலில் உங்கள் பக்கத்து நாகப்பட்டினத்தை ஆண்ட டச்சுக்காரனுக்கு ஒரு வழி சொல்லுங்கள்.