6502 அசெம்பிளர்: டெஸ்ட் எல்லாம் பாஸ், லூப் மட்டும் தொங்குது. உதவி தேவை

ராத்திரிக்கோடர்
வணக்கம். பொழுதுபோக்குக்காக பைத்தான்ல ஒரு 6502 அசெம்பிளர் (அந்தப் பழைய 8-பிட் பிராசஸரோட கட்டளைகளை பைட்டா மாத்துற நிரல்) எழுதிட்டிருக்கேன். ரெண்டு பாஸ், அதாவது நிரலை ரெண்டு தடவை படிக்கும். முதல்ல லேபிள் முகவரி, அடுத்து பைட். பைடெஸ்ட்ல (பைத்தான் டெஸ்ட் கருவி) 61 டெஸ்ட், எல்லாம் பச்சை. அந்த தைரியத்துல இதைக் கொடுத்தேன் ($10-ல இருக்கிற எண்ணை எக்ஸ்-ல ஏத்தி, டிஇஎக்ஸ் ஒண்ணு குறைக்கும், பூஜ்யம் ஆகிற வரை பிஎன்இ திரும்ப லூப்புக்குக் குதிக்கும்; $ போட்டது ஹெக்ஸ் எண்):

.ஓஆர்ஜி $0600
எல்டிஎக்ஸ் சுற்று
லூப்: டிஇஎக்ஸ்
பிஎன்இ லூப்
ஆர்டிஎஸ்
சுற்று = $10

வந்தது: ஏ6 10 சிஏ டி0 எஃப்இ 60

$10-ல 5 போட்டு எமுலேட்டர்ல ஓட்டினா பிஎன்இ-லயே நின்னு சுத்துது. ரெண்டு ராத்திரி போச்சு. இன்னொண்ணு: எல்டிஏ #';' எழுதினா 'ஆபரண்ட் தப்பு'ன்னு வருது. அது ஏன்?

பச்சைத்திரை
பிராஞ்ச் (குதிக்கிற) தூரத்தை பிஎன்இ இருக்கிற இடத்துல இருந்து எண்ணக்கூடாது, அடுத்த கட்டளையில இருந்து எண்ணணும். ரெண்டு கூட்டினீங்களா?

ராத்திரிக்கோடர்
கூட்டியாச்சு. அதுக்குத் தனியா நாலு டெஸ்ட்டே இருக்கு, −128, +127 எல்லை உட்பட.

சோல்டரிங் சித்தப்பா
கணக்கு சரிதான் தம்பி, முகவரிதான் பொய். முதல் பாஸ் முடிஞ்சதும் லேபிள் பட்டியலை பிரிண்ட் பண்ணிப் பாருங்க. லூப் $0603-னு இருக்கும். ஆனா வெளிய வந்த பைட்டை விரல் விட்டு எண்ணினா சிஏ உட்கார்ந்திருக்கிறது $0602-ல.

எல்டிஎக்ஸ் வரியைப் படிக்கும்போது 'சுற்று' யாருன்னே அசெம்பிளருக்குத் தெரியாது. அதனால அப்சொல்யூட்டுன்னு (ரெண்டு பைட் முழு முகவரி) நினைச்சு 3 பைட் ஒதுக்குது. ரெண்டாவது பாஸ்ல $10-னு தெரிஞ்சதும், 'அட, ஜீரோ பேஜ் ஆச்சே'ன்னு ($00-$FF, முகவரிக்கு ஒரு பைட் போதும்) 2 பைட்டா சுருக்கிடுது. அதுக்குக் கீழ இருக்கிறது எல்லாம் ஒரு பைட் மேல ஏறிடுச்சு, லேபிள் மட்டும் பழைய இடத்துலயே நிக்குது. −3, அதாவது எஃப்டி, வரவேண்டிய இடத்துல −2. எஃப்இ-ன்னா தன் மேலயே குதிக்கிறதுன்னு அர்த்தம். அந்தக் காலத்து அசெம்பிளர்கள் இதைத்தான் 'ஃபேஸ் எரர்'னு திட்டும்.

அட்ரஸிங் மோடை (ஜீரோ பேஜா, அப்சொல்யூட்டாங்கிறதை) முதல் பாஸ்லயே முடிவு பண்ணி, அந்த வரியோட ரெக்கார்டுல எழுதி வச்சிடுங்க. ரெண்டாவது பாஸ் அதைப் படிக்கணும், மறுபடி யோசிக்கக்கூடாது. முன்கூட்டித் தெரியாத பெயருக்கு அப்சொல்யூட்தான். ஒரு பைட் வீணானா ஆகட்டும். மிச்சம் பிடிக்க நினைக்கிறவர் 'சுற்று = $10' வரியை மேல கொண்டுபோகட்டும்.

61 டெஸ்ட்டும் ஏன் பிடிக்கலைன்னா, எல்லாமே ஒத்தை வரி, லேபிள் பட்டியலையும் நீங்களே கையில கொடுத்திருப்பீங்க. முதல் பாஸ் ஓடவே இல்லை! முழு நிரலா கொடுத்து, ஒவ்வொரு லேபிளுக்கும் ரெண்டு பாஸ்லயும் ஒரே முகவரி வருதான்னு அசெர்ட் (பொய்யானா உடனே நிறுத்துற சோதனை) போடுங்க. இதை டெஸ்ட்ல மட்டும் இல்லாம அசெம்பிளருக்குள்ளயும் வைக்கலாம்.

அரைப்புள்ளி விஷயம்: கமெண்ட்டை (';'-க்கு அப்புறம் வர்ற குறிப்பு) நீக்க வரியை ';'-ல ஸ்ப்ளிட் பண்றீங்கதானே?

ராத்திரிக்கோடர்
ஆமா அண்ணா 🙈 பட்டியலும் நான்தான் கொடுத்தேன்.

சோல்டரிங் சித்தப்பா
ஸ்ப்ளிட்டைத் தூக்கிடுங்க. எழுத்து எழுத்தா படிக்கிற ஒரு சின்ன டோக்கனைசர் (வரியைத் துண்டு துண்டா, அதாவது டோக்கனா, பிரிக்கிறது) போதும், மேற்கோளுக்குள்ள இருக்கோமான்னு அதுக்குத் தெரிஞ்சா சரி. டெஸ்ட்டும் டோக்கன் பட்டியல் மட்டத்துல ஒரு தொகுதி, பைட் மட்டத்துல ஒரு தொகுதின்னு பிரிச்சு எழுதுங்க. ரெண்டையும் கலந்தா எது உடைஞ்சதுன்னு தேடியே பொழுது போயிடும்.

பச்சைத்திரை
நான் தப்பான இடத்தைக் காட்டிட்டேன், மன்னிக்கணும். அப்படியே எல்டிஏ (அட்டவணை+1)*2 கொடுத்துப் பாருங்க. அடைப்புக்குறியைப் பார்த்ததும் இன்டைரக்ட்னு (உள்ள இருக்கிறது முகவரியைக் காட்டுற இடம்னு) முடிவு பண்றவங்க அங்க கவிழ்வாங்க. மூடுற குறிக்கு அப்புறம் என்ன வருதுன்னு பார்த்துட்டுதான் முடிவு எடுக்கணும்.

ராத்திரிக்கோடர்
மோடைப் பதிஞ்சு வச்சேன். இப்போ ஏஇ 10 00 சிஏ டி0 எஃப்டி 60. '=' வரியை மேல ஏத்தினா ஏ6 10 சிஏ டி0 எஃப்டி 60. ரெண்டுமே ஓடுது! முகவரி அசெர்ட் போட்டதும் என் பழைய உதாரண நிரல்ல ரெண்டு சிவப்பாச்சு, ரெண்டும் இதே கோளாறு. பச்சைத்திரை சொன்ன வரியிலயும் கவிழ்ந்துட்டேன். டெஸ்ட் எழுதியாச்சு, பார்சரை நாளைக்குத்தான் தொடணும்.