என் முகவரியில் யாரோ எழுதிய கடிதங்கள்

காலையில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் 1,900 கடிதங்கள். எல்லாமே ஒரே பல்லவி: ‘நீங்கள் அனுப்பிய அஞ்சலைச் சேர்க்க இயலவில்லை.’ நான் எதையும் அனுப்பவில்லை. அனுப்புநர் இடத்தில் என் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) இருந்தது. அதற்கு முன்னால் ஒட்டியிருந்த பெயர்களோ நான் கேள்விப்படாதவை.

பதறிப்போய்க் கடவுச்சொல்லை மாற்றினேன். மாலையில் இன்னொரு முறை மாற்றினேன். கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. பிறகுதான் ஒன்றின் ஹெட்டரை, அதாவது அஞ்சல் வந்த வழியைச் சொல்லும் வரிகளை, முழுதாக விரித்துப் பார்த்தேன். எந்த வரியிலும் என் சர்வரின் ஐபி எண் இல்லை. என் கணக்குக்குள் யாரும் நுழையவே இல்லை. தபால் உறையில் அனுப்புநர் என்று யார் முகவரியையும் எழுதிப் பெட்டியில் போடலாம் அல்லவா? அதே கதைதான். மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்க 1982இல் வகுத்த எஸ்எம்டிபி நெறிமுறையில் அனுப்புநரைச் சரிபார்க்கும் ஏற்பாடே கிடையாது.

முன்பின் தெரியாத ஒருவர் “வெட்கமாக இல்லையா?” என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்கு அரை மணி நேரம் செலவழித்து விளக்கம் எழுதினேன். பதில் இல்லை. என்னையும் ஸ்பாமில் தள்ளியிருப்பார்.

என் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி, டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் முன்பே இருந்தது. ஆனால் அது சர்வர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் உறை முகவரியை மட்டும்தான் பார்க்கும். படிப்பவர் கண்ணில் படும் ‘ஃப்ரம்’ வரியை அது கண்டுகொள்ளாது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, பொருந்தாத அஞ்சலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்வது டிமார்க் என்னும் இன்னொரு வரி. அதைச் சேர்த்துப் படிப்படியாக ‘ரிஜெக்ட்’ (நிராகரி) வரை கொண்டுபோன பிறகே கூட்டம் கலைந்தது.

* * *

மேலே எழுதியவர் சொன்ன அந்தப் ‘படிப்படியாக’ என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். நான் ஆத்திரத்தில் முதல் நாளே ‘ரிஜெக்ட்’ போட்டேன். ஸ்பாமரோடு சேர்த்து என் பில்களும் நின்றுபோயின! பில் அனுப்பும் சேவை தன் சொந்த டொமைனின் பெயரில் டிகேஐஎம் என்னும் மின் கையொப்பம் இட்டுக்கொண்டிருந்தது; உறை முகவரியும் அதனுடையதே. எனவே டிமார்க்கின் கண்ணில் அதுவும் போலிதான். பணம் வராததைக் கண்டு வாடிக்கையாளரிடம் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. முதலில் ‘நன்’ (எதையும் தடுக்காதே) என்று வைத்து, பெறும் சர்வர்கள் அனுப்பும் டிமார்க் அறிக்கைகளைச் சில வாரங்கள் படித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். அவை எக்ஸ்எம்எல் கோப்புகளாகக் குவியும். தனிப் பெட்டி ஒதுக்குவது நல்லது.

* * *

மேலே எழுதிய இருவரையும் விட என் அனுபவம் சற்று வேறு. அஞ்சலே அனுப்பாத ஒரு பழைய டொமைனைச் சும்மா போட்டு வைத்திருந்தேன். அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ‘இங்கிருந்து எந்த அஞ்சலும் புறப்படாது’ என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி ஒன்று, டிமார்க் வரி ஒன்று. பத்து நிமிட வேலை. எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் பொதுப் பெட்டியையும் மூடினேன்.

நிம்மதி இரண்டு மாதம்தான். அடுத்து, ஓர் எழுத்து மட்டும் மாறிய டொமைனை யாரோ பதிவு செய்து, அதற்கு முறையான டிமார்க்கும் வைத்து அனுப்பத் தொடங்கினார்கள். அந்த டொமைனைப் பதிந்து கொடுத்த நிறுவனத்துக்கு நான் அனுப்பிய மூன்றாவது புகாருக்குப் பதில் வரக் காத்திருக்கிறேன்.