சைக்கிள் டயர் வாங்கும்போது பிராண்டும் நாடும் பார்க்கணுமா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

பின் டயரில் நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது, இனி தள்ளிப்போட முடியாது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் ஹைபிரிட் சைக்கிள்தான். கடைக்காரர் "ஜெர்மன் டயர் போடுங்க சார், சைனா டயர் ஒரு வருஷம்கூடத் தாங்காது" என்கிறார். ஆபீஸில் ஒரு அண்ணன், பஞ்சாப் லூதியானாவில் செய்யும் நம் நாட்டு டயரே போதும், பெயருக்கு எதற்குக் காசு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

---

முதலில் அந்த "ஜெர்மன் டயரை" கையில் வாங்கி பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஷ்வால்பே ஜெர்மன் கம்பெனிதான், ஆனால் டயர் வருவது இந்தோனேசியா, வியட்நாம் ஆலைகளிலிருந்து. விட்டோரியா இத்தாலிப் பெயர், டயர் செய்வது தாய்லாந்தில். கான்டினென்டல் தன் கிராண்ட் பிரி 5000 மாதிரி மேல்வரிசை டயர்களை ஜெர்மனியில் கோர்பாக் ஆலையில் செய்கிறது, அதே பெயரில் வரும் விலை குறைந்த டயர்கள் பல ஆசியாவில் செய்தவை. மேக்சிஸ், சிஎஸ்டி இரண்டும் ஒரே தைவான் கம்பெனி. இப்போது இதில் எந்த நாட்டுக்கு மார்க் போடுவீர்கள்?

நான் கோர்பாக்கில் செய்த அந்த 5000-ஐ ஈசிஆரில் ஓட்டியிருக்கிறேன், விடியற்காலையில் சாலை காலியாக இருக்கும்போது அதைப்போல ஓடும் டயர் வேறு கிடையாது. ஆனால் அது வேகத்துக்குச் செய்த மெல்லிய டயர், ஜிஎஸ்டி ரோட்டின் ஓரத்தில் கிடக்கும் கண்ணாடித் தூளுக்கும் லாரி டயரிலிருந்து உதிர்ந்த கம்பிக்கும் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது பாவம். ஆபீஸ் சைக்கிளில் ஷ்வால்பேயின் மாரத்தான் பிளஸ் போட்டிருக்கிறேன், இந்தோனேசியாவில் செய்தது. உள்ளே 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ரப்பர் பட்டை, பஞ்சர் என்பதே அபூர்வம். எடையும் அதற்கேற்ப இருக்கும், மாட்டும்போது கட்டைவிரல் கழன்றுவிடும்.

பிராண்ட் பொய் என்று சொல்லவில்லை. நல்ல பிராண்டில் ஒரே மாடலை இரண்டாவது தடவை வாங்கினாலும் அதே சரக்கு வரும், ரிம்மில் இறுக்கமாக உட்காரும், ஆடாது. ஆனால் அந்தப் பெயருக்குள்ளேயே ஏழெட்டு தரம் இருக்கிறது, அதில் கீழ்த்தரத்தை மேல்த்தரத்தின் பெயரைச் சொல்லி விற்பதுதான் கடைகளில் நடப்பது. டயர் துணியில் ஓர் இன்ச்சுக்கு எத்தனை நூல் என்று போட்டிருக்கும் எண்ணிக்கையிலும் கவனம், 180 என்று போட்டிருந்தால் சில கம்பெனிகளுக்கு அது 60 நூல் வைத்து மூன்று அடுக்கு என்று கணக்கு.

---

ராமநாதபுரம் பக்கம் நாங்கள். இங்கே டயரைச் சோதிப்பது சீமைக்கருவேல முள், அதற்கு எந்த நாட்டு டயர் என்று பார்க்கத் தெரியாது. அப்பா இன்னும் 28 இன்ச் பெரிய சைக்கிளில்தான் புல்லுக்கட்டு ஏற்றி வருகிறார். அந்த அளவுக்கு வெளிநாட்டு டயரைத் தேடினாலும் நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது, ரால்சன் மாதிரி லூதியானா டயர்தான், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குவோம். தேய்ந்த பழைய டயரின் ஓரத்தை அறுத்துவிட்டு நடுப்பட்டையை உள்ளே வைத்து மேலே புது டயர் போடுவோம். சைக்கிள் கொஞ்சம் கனக்கும், சரி, பாரம் ஏற்றுகிற வண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மேலே அண்ணன் சொன்ன 5 மில்லிமீட்டர் பட்டையை நாங்கள் காசில்லாமல் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்!

---

கொலோனில் இருக்கிறேன், ஷ்வால்பே கம்பெனி இருக்கும் ரைஷோஃப் இங்கிருந்து பக்கம்தான். இங்கே கடைகளில் விற்பதும் அதே இந்தோனேசிய டயர்தான், யாரும் அதைக் குறையாகப் பேசிக் கேட்டதில்லை. புத்தாண்டு இரவு பாட்டிலில் வைத்து ராக்கெட் விடுவார்கள், மறுநாள் சைக்கிள் பாதை முழுக்கச் சில்லு. அந்த வாரம் பஞ்சர் தடுப்புப் பட்டை இருக்கிற டயர் தப்பிக்கும், இல்லாதது தப்பாது.

---

யாரும் சொல்லாத ஒன்று. பெயர் பெற்ற வெளிநாட்டு டயர், தள்ளுபடியில் வாங்கினேன், பெயர் வேண்டாம். ஒரு கோடை முடிவதற்குள் பக்கவாட்டில் வெடிப்பு. பிறகு கவனித்தால் அந்தக் கடையில் டயர்களைக் கண்ணாடி ஓரம் வெயில் படும்படி மாட்டி வைத்திருக்கிறார்கள், எத்தனை வருடச் சரக்கோ. கார் டயரில் தயாரித்த வாரமும் வருடமும் நாலு இலக்கத்தில் இருக்கும், பல சைக்கிள் டயர்களில் அது கிடையாது. அதனால் வாங்கும்முன் பக்கவாட்டை விரலால் மடக்கிப் பாருங்கள், முடி அளவு கீறல் தெரிந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். காற்றுக் குறைவாக ஓட்டினாலும் இதே வெடிப்பு வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

எல்லாருக்கும் நன்றி. என் டயரில் 35-622 என்று இருக்கிறது. பட்டை வைத்த டயர் என்று முடிவு செய்துவிட்டேன். முன் டயர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, அதையும் சேர்த்து மாற்றணுமா?

---

வேண்டாம். பாரம் பின்னால்தான், தேய்வதும் அதுதான். 622 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், 35 டயரின் அகலம், இரண்டும் மில்லிமீட்டரில். 622 என்ற எண் மட்டும் மாறக்கூடாது, 35-க்குப் பதில் 37 கிடைத்தால் மட்கார்டில் உரசாத அளவு இடம் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.